கோபுரம் முழுசா வந்துடுச்சு, அம்மா எங்கே?

வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் பிளெக்ஸ் கடையிலிருந்து ஒரு போன் வரும். “அப்பாவோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க சார். ஃபேஸ் கிளியரா இருக்கணும்.” அழுகைக்கு நடுவே பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் போனைத் திறந்து தேட ஆரம்பிப்பார்கள். கேலரியில் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கும். கொடைக்கானல் டூர், கிரகப்பிரவேசம், பேத்தியின் காதுகுத்து என்று எல்லாவற்றிலும் அப்பா இருப்பார். எப்படி இருப்பார் என்பதுதான் பிரச்சினை. ஒன்றில் பின்வரிசையில் பாதி முகம். இன்னொன்றில் பந்தியில் இலையைப் பார்த்துக் குனிந்த தலை. அருவி முழுசாகத் தெரியும் படத்தில் அவர் ஒரு வெள்ளைச் சட்டைப் புள்ளி.

கடைசியில் யாருடைய கல்யாண ரிசப்ஷன் குரூப் போட்டோவிலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். அஞ்சலி பேனரில் அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய பட்டுப்புடவை ஓரமோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த முகமும் மங்கலாகத்தான் இருக்கும்.

இதற்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது. 200 மெகாபிக்சல் போன்கள்வரை கடைக்கு வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலான போன்கள் சாதாரணமாகச் சேமிப்பது சுமார் 12 மெகாபிக்சல் படம்தான். அதாவது 4000-க்கு 3000 பிக்சல். ஒரு வரிசையில் பத்துப் பேர் நிற்கும் குரூப் போட்டோவில் ஒருவருக்குக் கிடைப்பது 400 பிக்சல் அகலம். முகத்துக்கு மட்டும் என்றால் 150 தேறினால் அதிகம். 300 டிபிஐ தரத்தில் பிரின்ட் போட்டால் அது அரை அங்குலம். அதைத்தான் ஆளுயர பேனராக இழுக்கச் சொல்கிறோம்.

‘நல்ல படம் எடுப்பது எப்படி’ என்று தேடினால் எல்லா வீடியோக்களும் கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை ஆன் செய்வதிலிருந்து தொடங்குகின்றன. பிறகு ரூல் ஆஃப் தேர்ட்ஸ், லீடிங் லைன்ஸ், சிம்மெட்ரி என்று போகும். எதுவும் தப்பில்லை. வரிசைதான் தப்பு. கோடுகளைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் படம் யாரைப் பற்றியது? அதற்கு நான் எங்கே நிற்க வேண்டும்? காம்போசிஷன் என்ற பெரிய வார்த்தையின் முக்கால்வாசி இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. முதல் கேள்வியைக் கேட்காததால்தான் அப்பா புள்ளியாகிப் போனார்.

பெரிய கோயில் கணக்கு

தஞ்சாவூர் பெரிய கோயிலில் எந்தச் சாயங்காலமும் பார்க்கக்கூடிய காட்சி இது. மகன் போனைப் பிடித்திருக்கிறான். அம்மா முன்னால் நிற்கிறார். பின்னால் விமானம். 200 அடிக்கு மேல் உயரம், உச்சி ஃபிரேமுக்குள் வரவில்லை. மகன் உடனே சொல்வது: “அம்மா, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும்... இன்னும்...” அம்மாவும் கோயிலை நோக்கிப் பின்னாலேயே நடக்கிறார். கோபுரம் அப்போதும் முழுசாக வராது. மகன் போனை அண்ணாந்து சாய்க்கிறான், அல்லது 0.5-ஐத் தட்டி அல்ட்ரா வைடுக்குப் போகிறான். “சூப்பர், கோபுரம் முழுசா வந்துடுச்சு!” வந்துவிட்டது. ஆனால் பின்னால் மல்லாந்து விழுவதுபோல் சாய்ந்திருக்கிறது. அம்மா கீழே எங்கோ கட்டைவிரல் நகம் அளவுக்கு நிற்கிறார்.

இதில் நடந்தது எளிய கணக்கு. கேமராவிலிருந்து ஒரு பொருள் இருக்கும் தூரம் பாதியானால் படத்தில் அதன் உயரம் இரண்டு மடங்காகும்; தூரம் நான்கு மடங்கானால் உயரம் கால்வாசியாகும். அம்மா 10 அடியிலிருந்து 40 அடிக்கு நடந்து போனபோது கால்வாசியாகச் சுருங்கிவிட்டார். மகன் இடத்தைவிட்டு நகராததால் விமானத்தின் அளவு கொஞ்சம்கூட மாறவில்லை. அம்மாவை நடக்கவிட்டதில் படத்துக்குக் கிடைத்த லாபம் பூஜ்யம்.

செய்ய வேண்டியது நேர்மாறானது. நடக்க வேண்டியது மகன். விமானத்திலிருந்து 400 அடி தள்ளி, நுழைவாயில் கோபுரத்துப் பக்கமாக, நந்தி மண்டபம் மறைக்காதபடி சற்றுப் பக்கவாட்டில் போய் நிற்க வேண்டும். அங்கே அம்மாவை ஆறேழு அடி தூரத்தில் நிறுத்தலாம். போனைச் செங்குத்தாக, சாய்க்காமல், நேராகப் பிடித்தாலே சாதாரண 1x லென்ஸில் விமானத்தின் உச்சி உள்ளே வந்துவிடும். சாய்க்காததால் விமானமும் நேராக நிற்கும். அம்மாவின் முகமும் சிரிப்பும் காதுத் தோடும்வரை தெரியும். இன்னும் ஒரு அடி முன்னால் வரச் சொன்னால் அம்மாதான் பெரிதாவார். கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது. கோபுரத்துக்குக் கிட்டே போகிறவர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. படத்தைப் பொறுத்தவரை அவர் கேமராவுக்குக் கிட்டே இருந்தால் போதும்.

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை, தாஜ்மகால், ஈஃபிள் டவர் என்று எங்கே போனாலும் இதே கணக்குதான்.

எங்கே நிற்பது என்ற கேள்வி இதே கோயிலில் 150 வருடங்களுக்கு முன்பே கேட்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சையில் படம் எடுத்தார். ஒரு படத்துக்கு ஒரு தாள் நெகட்டிவ், கூடவே தூக்கிச் சுமக்க வேண்டிய பெரிய கேமரா. ‘பத்து எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம்’ என்ற வசதி அவருக்கு இல்லை. முதலில் நடந்து, பார்த்து, இடத்தை முடிவு செய்த பிறகுதான் கேமராவை இறக்கி வைக்க முடியும். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று போனில் பனோரமா என்று ஒரு விரலால் இழுப்பதை அவர் கால்களால் செய்தார்.

கழுத்தை வெட்டும் கடல்

மெரினாவில் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பாதிப் படங்களில் கடலும் வானமும் சேரும் கோடு சரியாகக் கழுத்தில் போகும். தலையைத் தனியாக எடுத்து வைத்தது மாதிரி இருக்கும். ஏன் என்று தெரியாமலே ‘இந்தப் படம் என்னவோ மாதிரி இருக்கு’ என்று தள்ளிவிடுவோம்.

காரணம் தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். சமதளத்தில் போனை நேராகப் பிடித்தால், தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் விழும். எடுப்பவர் போனைத் தன் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார். எதிரில் நிற்பவரும் ஏறக்குறைய அதே உயரம். கோடு அவருடைய கழுத்திலோ கண்ணிலோதான் போகும், வேறு வழியே இல்லை. போனை இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் கோடும் அவருடைய இடுப்புக்கு இறங்கிவிடும். தலையும் தோளும் வெறும் வானத்தின் முன்னால் பளிச்சென்று நிற்கும். இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். முழங்காலை மடக்கினால் போதும். மணலில் உட்கார வெட்கமாக இருந்தால் போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் கீழே இருக்கும்படி பிடிக்கலாம்.

தலையிலிருந்து முளைக்கும் விளக்குக் கம்பம், காதிலிருந்து கிளம்பும் தென்னை மட்டை, தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கல்யாண மண்டபத்து சிவப்பு பிளாஸ்டிக் சேர் எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கண் நேரில் பார்க்கும்போது மனசு வேண்டாததைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. கேமரா ஒதுக்குவதில்லை. அதனால் பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரே ஒரு விநாடி, முகத்தைவிட்டுவிட்டு ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பார்க்கும் பழக்கம் வேண்டும். ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் எடுப்பவர் அரை அடி இடதுபக்கம் நகர்ந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஓரத்தில் ஆளை வெட்டுவதானால் மணிக்கட்டிலோ முழங்காலிலோ கணுக்காலிலோ வெட்டக் கூடாது. மூட்டில் வெட்டினால் உறுப்பு போனது மாதிரித் தெரியும். தொடை நடுவிலோ மார்பளவிலோ வெட்டினால் உறுத்தாது.

“அதெல்லாம் எடிட்ல தூக்கிடலாம்” என்பது இப்போதைய பதில். 2021-ல் கூகுள் பிக்சல் போனில் மேஜிக் இரேசர் வந்ததிலிருந்து வேண்டாத ஆளை விரலால் தேய்த்து அழிப்பது சாதாரணமாகிவிட்டது. அவசரத்துக்கு அது நல்ல வசதிதான். ஆனால் அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்புகிறது. தாத்தா வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரை அழித்தால் அங்கே வருவது தாத்தா வீட்டுச் சுவர் அல்ல. அரை அடி நகர்ந்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

மூன்றில் ஒரு பங்கு யார் சொன்னது?

கிரிட் கோடுகளுக்கு வருவோம். ஃபிரேமை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகள் வெட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. இன்று கேமராவுடன் பிறந்த விதி மாதிரி சொல்லித்தரப்படுகிறது. உண்மையில் ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்ற பெயரோடு இதை எழுதியவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர், 1797-ல், கிராமக் காட்சிகளை வரைவது பற்றிய ஒரு புத்தகத்தில். இன்று நமக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழைய ஒளிப்படம் பிரான்ஸில் நியெப்ஸ் 1826-27 வாக்கில் தன் ஜன்னலிலிருந்து எடுத்தது. விதி கேமராவைவிட முப்பது வயது மூத்தது. வானத்துக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு, வெளிச்சத்துக்கு எவ்வளவு என்று ஓவியர் ஒருவர் சொன்ன யோசனை அது.

அதற்குப் பயன் இருக்கிறது. எல்லாவற்றையும் நட்டநடுவில் குறிவைக்கும் கைப்பழக்கத்தை அது உடைக்கும். பேருந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பெண்ணின் முகத்தை ஒரு ஓரக் கோட்டில் வைத்து, அவள் பார்க்கும் பக்கம் இடம்விட்டால் படத்துக்கு மூச்சு கிடைக்கும். வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை அதே விதிப்படி ஓரத்தில் தள்ளினால் கோலம் கோணிப்போகும். அதற்கு நேர் மேலே நின்று நட்டநடுவில் வைப்பதுதான் சரி. எதிரே நின்று கண்ணைப் பார்க்கும் பாட்டியின் முகத்துக்கும் நடுதான் இடம். எதுக்கு எந்த இடம் என்பதைப் படத்தில் இருக்கும் விஷயம் சொல்லும்.

விதிகளில் கறாரானவர்களின் கதையே இதற்கு உதாரணம். எடுத்த ஃபிரேமை வெட்டக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர் ஹென்றி கார்த்தியே பிரெஸோன். பாரிஸில் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிப்பதை 1932-ல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அது வெட்டப்பட்ட படம். வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்துக்கொண்டிருந்தது; வெட்டாமல் வைக்க முடியவில்லை.

யார் நடுவில், யார் ஓரத்தில்

இதுவரை பேசியது அழகு சம்பந்தப்பட்டது போலத் தோன்றலாம். ஃபிரேமுக்குள் யாரை எங்கே வைக்கிறோம் என்பதில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

மழை வெள்ளம் வந்தால் சமூக ஊடகங்களை நிரப்பும் நிவாரணப் படங்களை யோசித்துப் பார்க்கலாம். அரிசிப் பையைக் கொடுப்பவர் நடுவில், கேமராவை நேராகப் பார்த்து, சிரித்தபடி. வாங்கும் அம்மாவின் முகம் பக்கவாட்டில், பாதி, பெரும்பாலும் குனிந்தபடி. பையில் அச்சடித்த பெயர் தெளிவாகத் தெரியும். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இதைச் செய்வதில்லை. ஆனால் அந்தப் படம் யாரைப் பற்றியது என்று ஃபிரேமே சொல்லிவிடுகிறது. குழந்தைகளை எப்போதும் பெரியவர்களின் உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுப்பதும் இப்படித்தான். தரையில் உட்கார்ந்து எடுத்தால் அதே குழந்தை வேறு ஆளாகத் தெரியும்.

டோரோதியா லாங்கே அமெரிக்காவில் 1936 மார்ச்சில் எடுத்த ‘மைக்ரண்ட் மதர்’ படத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம். லாங்கே அடுத்தடுத்து சில படங்கள் எடுத்தார். முதலில் எடுத்ததில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது, சாமான்கள் தெரிகின்றன, மூத்த பெண் பிள்ளையும் இருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் அவர் கிட்டே கிட்டே போனார். உலகம் அறிந்த படத்தில் கூடாரம் ஏறக்குறைய இல்லை, மூத்த மகள் இல்லை. ஒரு தாய், கன்னத்தோரம் கை, மடியில் கைக்குழந்தை, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பித் தோளில் சாய்ந்த இரண்டு பிள்ளைகள். பார்ப்பவரின் கண் போக வேறு இடமே கிடையாது. பஞ்ச காலத்து அமெரிக்காவின் முகமாகவே அது ஆகிப்போனது. மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரல் உறுத்துகிறது என்று பின்னாளில் அதையும் மறையச் செய்தார் லாங்கே. தேய்த்து அழிக்கும் ஆசை புதுசு இல்லை.

காம்போசிஷன் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். கதை அதோடு முடியவில்லை. அந்தத் தாயின் பெயரை லாங்கே குறித்துக்கொள்ளவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது 1978-ல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை, அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற வருத்தத்தை அவர் அப்போது சொன்னார். ஃபிரேமுக்கு வெளியே தள்ளப்பட்டதில் மூத்த மகளோடு அவருடைய பெயரும் இருந்தது. தெருவோர வியாபாரியையும் நாற்று நடுகிறவரையும் ‘செம கேண்டிட்’ என்று எடுத்துப் பதிவிடுகிறவர்கள், எடுத்த படத்தை அவரிடமே காட்டி “போடலாமாக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு நேரம் பிடிக்காது.

மூக்கு பெரிதாவது ஏன்

மறுபடியும் வீட்டுக்கு வருவோம். அப்பா அம்மாவை நெருக்கத்தில் எடுத்தால் “என் மூக்கு இப்படியா இருக்கு?” என்று படத்தை டெலீட் செய்யச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 2018-ல் முக அறுவைசிகிச்சைக்கான அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு, 5 அடி தூரத்தில் எடுப்பதைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டது. கிட்டே இருப்பது பெரிதாகும் என்ற அதே பெரிய கோயில் கணக்குதான். 12 அங்குலத்தில் வைத்தால் காதைவிட மூக்கு கேமராவுக்கு எவ்வளவோ கிட்டே. ஐந்து அடியில் அந்த வித்தியாசம் கண்டுகொள்ளும்படி இராது. அதனால் முகத்துக்கு 1x-ல் கிட்டே போவதைவிட, 2x வைத்து ஐந்தாறு அடி தள்ளி நிற்பது மேல்.

வெளிச்சம் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதலாம். போன் வைத்திருப்பவருக்கு வேண்டியது கொஞ்சம்தான். உச்சி வெயிலில் கண்கள் குழியாகிவிடும். ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினால் முகம் கறுத்துவிடும். ஜன்னலைப் பார்த்தபடி சற்றுப் பக்கவாட்டில் உட்கார வைத்தால் அதே ஜன்னல் ஸ்டுடியோ விளக்காகிவிடும். லென்ஸில் படிந்த கை எண்ணெயைத் துணி நுனியால் துடைத்தாலே பாதிப் படங்கள் தேறும்.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி போதும். அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும். பின்னால் சுவரில் தொங்கும் பையை மட்டும் எடுத்துவிட வேண்டும். எடுப்பவர் ஆறு அடி தள்ளி, போன் அப்பாவின் கண் உயரத்துக்கு வருகிறபடி உட்கார்ந்து, 2x வைத்து, எதையாவது பேச்சுக் கொடுக்க வேண்டும். “சிரிங்கப்பா” என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் வரும். நாலைந்து எடுத்தபின் அவரே, “போதும்டா, எத்தனை எடுப்ப” என்பார். அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனி ஆல்பத்தில் போட்டு, அண்ணன் தங்கை எல்லோருக்கும் அனுப்பி வைக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.